அறுபடாத துரும்பு

ஆனைக்கரைப்பட்டியில் புருசன் பொண்டாட்டி பிரிவதென்றால் கோர்ட்டு பாதி, துரும்பு பாதி. ஜட்ஜய்யா எவ்வளவு பெரிய முத்திரையைக் குத்திக் கொடுத்திருந்தாலும் சரி, ஊருக்கு முன்னால் ஒரு வைக்கோல் துரும்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு, உனக்கும் எனக்கும் கொடுக்கல் வாங்கல் எல்லாம் தீர்ந்துபோச்சு என்று இரண்டு வாயும் சொல்லி, இழுத்து அறுத்தால்தான் அறுந்ததாகக் கணக்கு. அதற்கப்புறம்தான் அவள் வேறு வாசல் தேடிப் போகலாம், அவர் வேறு கையால் சாப்பிடலாம், ஊர்க்காரர்களும் பழைய முறையை மறந்து புது முறை சொல்லிக் கூப்பிடலாம். பக்கத்தில் ஒருத்தர் பலமாக இருமினாலே அறுந்துபோகிற வஸ்து அது. ஆனால் பவுன்தாயும் கண்டக்டர் தவமணியும் பரமனின் உரக்கடை முன்னால் நின்று இழுத்த துரும்பு அறவில்லை.

"காலையில சாப்பிடலையா தாயி? நல்லா இழு" என்றார் பரமன். உரக்கடைக்கு முதலாளி, ஊருக்குத் தலைவர்.

பவுன்தாய் காலை ஊன்றி இழுத்தாள். தவமணி பல்லைக் கடித்து இழுத்தார். இரண்டு பேரும் உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். யாரோ அரிவாளைக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தார்கள். அரிவாளில் பல் விழுந்தது. கருதறுக்கிற மிஷின் அந்தப் பக்கம் போனது, அதை நிறுத்தி அதன் வாயில் கொடுத்தார்கள், மிஷின் கக்கிவிட்டது. வாயைப் பிளந்து நிற்க யாருக்கும் நேரமில்லை, அறுப்புக் காலம். பரமன் துரும்பை வாங்கி வேட்டியில் துடைத்து, யூரியா மூட்டை மேல் வைத்தார்.

"கணக்குத் தீரல. எதையோ மறந்திருக்கீங்க. போய் யோசிச்சிட்டு வாங்க" என்றார்.

பவுன்தாய்க்கு யோசிக்க நேரமில்லை. தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரோசம்மா என்கிற அம்மாள் நடத்திவந்த மெஸ்ஸை எடுத்து நடத்துவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். ரோசம்மா மகளோடு போய் இருக்கப்போகிறாள். தை பிறப்பதற்குள் அட்வான்ஸோடு வரச் சொல்லியிருந்தாள். "இந்தா பாரு பவுனு, ஊர்ல அத்துவிட்டுட்டு வா. நாளைக்கு உன் வீட்டுக்காரர் வந்து என் கடை முன்னாடி நின்னு கத்தக் கூடாது" என்றும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். கையில் அட்வான்ஸும் இல்லை, துரும்பும் அறவில்லை. தை வந்துகொண்டே இருந்தது.

சும்மாவே அவள் ஓரிடத்தில் உட்காருகிற பிறவி இல்லை. தவமணிக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து, கோழி கூவுவதற்கு முன்னால் எழுந்து, முதல் வண்டிக்குப் போகிற மனுசனுக்குச் சோறாக்கி, காக்கிச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்து, மத்தியானம் அவர் வண்டி ஊர் விலக்கைத் தாண்டும்போது தூக்குவாளியோடு ஓடிப்போய் நகர்ந்துகொண்டிருக்கிற பஸ்ஸின் ஜன்னலில் நீட்டி, கடைசி வண்டி ஊரிலேயே தங்கும் நாட்களில் அவர் கொண்டுவந்து கொட்டுகிற தோல்பையின் சில்லறையைப் பிரித்து அடுக்கி, டிக்கெட்டோடு சரிபார்த்து, குறைந்தால் கோழிமுட்டை விற்ற காசைப் போட்டு நிரப்பி, இப்படி ஓடி ஓடியே தலை நரைத்தவள்.

தவமணி கெட்டவரென்று சொல்ல முடியாது. குடி கிடையாது, கைநீட்டல் கிடையாது. பாக்கி வைப்பது ஒன்றுதான் அவருடைய வியாதி. பஸ்ஸில் சில்லறை கேட்டால் டிக்கெட்டின் பின்னால் கிறுக்கிக் கொடுத்து "இறங்கும்போது வாங்கிக்கங்க" என்பார். இறங்குகிற அவசரத்தில் பாதிப்பேர் மறந்துவிடுவார்கள். அதே பழக்கத்தைத்தான் வீட்டிலும் வைத்துக்கொண்டார். வேலைக்கு டெபாசிட் கட்ட அவள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வாங்கியபோது "பெறகு பாத்துக்கலாம்" என்றார். சமையல்கட்டுக்கு ஓடு மாற்றக் கேட்டபோது "பெறகு." திருச்செந்தூர் கூட்டிப்போகச் சொன்னபோது "பெறகு." மகன் திருப்பூரில் வேலைக்குப் போய், கல்யாணம் முடித்து, பேரனையும் பெற்றுவிட்டான், பிறகு என்பது மட்டும் வந்தபாடில்லை.

ரிட்டையரான அன்றைக்கு டிப்போவில் மாலை போட்டு மைக்கைக் கையில் கொடுத்தார்கள். "இத்தனை வருச சர்வீஸ்ல நான் யாருக்கும் ஒத்தப் பைசா பாக்கி வெச்சதில்ல" என்றார் தவமணி. கைதட்டினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பவுன்தாய்க்குக் காதுமடல் கொதித்தது. அந்த மாலையை அவள்தான் வீடுவரைக்கும் சுமந்துவந்தாள்.

அதற்கப்புறம் அவர் வீட்டில் இருந்தார். இருந்தார் என்றால், வாசல்நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நின்றார்; உள்ளே போகிறவளை "உள்ள போ, உள்ள போ, நடுவுல நிக்காத" என்றார்; உலைக்கு அரிசி போட்டால் எட்டிப் பார்த்தார். போன வருசப் பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் பவுன்தாய் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு "நான் இறங்கிக்கிறேன்" என்றாள். அவருக்கும் ரோசம் வந்து "தாராளமா இறங்கு" என்றார். வக்கீல் எழுதி நீட்டிய தாளில் ஒருவர் மேல் ஒருவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று போட்டிருந்தது. விட்டால் போதும் என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கோர்ட்டும் அதை நம்பி அத்துவிட்டது.

துரும்புதான் நம்பவில்லை.

முதலில் சீர்ப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள்; அண்டா, குத்துவிளக்கு, மூக்கு நசுங்கிய கெண்டி வரைக்கும் மாட்டுவண்டியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்து இழுத்தார்கள். அறவில்லை. சங்கிலி ஞாபகம் வந்தது. தவமணி முனகிக்கொண்டே டவுனுக்குப் போய் அதே எடையில் புதுச் சங்கிலி வாங்கிவந்து ஊர் முன்னால் கொடுத்தார். இழுத்தார்கள். துரும்பு கொஞ்சம் வளைந்து கொடுத்தது, அவ்வளவுதான்.

நடுநடுவே துரும்பு ஊர்வேலைக்கும் போய்வந்தது. யாருக்குத்தான் அப்படியொரு சாமானைச் சும்மா வைத்திருக்க மனசு வரும்? கிணற்று வாளிக் கயிறு நடுவில் இற்றுப்போனால் அந்த இடத்தில் துரும்பை வைத்து முடிந்து இறைத்தார்கள். சேற்றில் மாட்டிய டிராக்டரை இழுக்கச் சங்கிலி அறுந்துபோக, துரும்பைக் கோத்து இழுத்தார்கள். முட்டுகிற காளையை அதில் கட்டிவைத்தார்கள். காளை இரண்டு நாள் இழுத்துப் பார்த்துவிட்டுச் சாதுவாகிவிட்டது. பரமனிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால்தான் கிடைக்கும் என்கிற நிலைமை வந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள்கூடக் கேட்டு ஆளனுப்பினார்கள். தவமணியும் பவுன்தாயும் இன்னும் கொஞ்ச நாள் தீராமல் இருந்தால் நல்லது என்று வெளிப்படையாகவே பேசிக்கொண்டார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அடப் பாவிகளா, என் பொழப்பு அதுல தொங்குது, நீங்க மாடு கட்டுறீங்க!" என்று உரக்கடை வாசலில் நின்று கத்தினாள்.

"கோவிச்சுக்காத தாயி. மறந்தது என்னன்னு நீயே சொல்லேன்" என்றார் பரமன்.

"சொல்றேன். பென்ஷன்."

தவமணி நிமிர்ந்தார். "பென்ஷனா? அது நான் நின்னு சம்பாதிச்சது. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நின்னேன் தெரியுமா? என் முழங்காலைக் கேளு."

"நீங்க நின்னீங்க கண்டக்டரே. நான் ஓடுனேன்" என்றாள் பவுன்தாய். கோர்ட்டிலிருந்து வந்த நாளாக அவரைக் கண்டக்டரே என்றுதான் கூப்பிட்டாள். "பையில காசு குறைஞ்சப்ப எல்லாம் யாரு போட்டு நிரப்புனது? ஒரு நாளாவது டிப்போவுல உங்களை நிக்கவெச்சுக் கேள்வி கேட்டிருக்காங்களா? அந்தச் சர்வீஸ்ல பாதி என்னுது."

தவமணி முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, மூட்டை மேல் ஏறி நின்று, டிப்போவில் பேசியதைவிடச் சத்தமாக, தன் சர்வீஸில் பாதி பவுன்தாயுடையது என்றும், அவள் இல்லாவிட்டால் தான் என்றைக்கோ சஸ்பெண்டு ஆகியிருப்பேன் என்றும், அதை மைக்கில் சொல்லாமல் விட்டது தன்னுடைய தப்பு என்றும் சொன்னார். பொம்பளைகள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பரமனே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இப்ப இழுங்க, பொட்டுன்னு போயிரும்" என்றார்.

இழுத்தார்கள். ஒரு நார்கூடப் பிரியவில்லை.

பவுன்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல வார்த்தை சொன்னீங்க கண்டக்டரே, வயிறு நெறைஞ்சுபோச்சு. அந்த வார்த்தையக் கொண்டுபோய்க் கொடுத்தா செட்டியார் கடையில பருப்பு போடுவாரா?"

அவமானத்தில் தவமணிக்கு முகம் கறுத்தது. ஆனாலும் மனுசன் இந்த முறை பிறகு என்று சொல்லவில்லை. பென்ஷனில் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்ள வழியுண்டு. அப்படி வாங்கிய பணத்தில் பாதியை எடுத்துக் கொடுத்தார். மாசாமாசம் வருகிறதிலும் பாதி தருகிறேன் என்று வேல்மேல் சத்தியம் பண்ணினார். மெஸ் அட்வான்ஸ் கைக்கு வந்துவிட்டது. துரும்பைப் பிடித்து இழுத்தார்கள். அது நூலாட்டம் இளைத்து, நீண்டு, ஒளி ஊடுருவத் தெரிகிற அளவுக்கு மெலிந்து, விட்டதும் பழையபடி சுருங்கிக்கொண்டது. இன்னும் ஏதோ ஒன்று பாக்கி.

அது என்னவென்று பென்ஷன் ஆபீசில்தான் தெரிந்தது. மாசாமாசம் பாதியைக் கொடுக்க என்ன வழியென்று கேட்க இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். சீட்டு காலியாக இருந்தும் தவமணி கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார், அவருக்கு உட்கார்ந்து பழக்கமில்லை. பவுன்தாய் உட்கார்ந்திருந்தாள், ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுந்து எழுந்து எட்டிப் பார்த்தாள்.

ஆபீசில் கண்ணாடி போட்ட கிளார்க்கம்மா பேப்பரைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "சார் உயிரோட இருக்கறவரைக்கும் அவர் யாருக்கு வேணும்னாலும் கொடுக்கலாம். அவருக்கு அப்புறம் குடும்ப பென்ஷன் மனைவிக்குத்தான். இந்தம்மா இப்ப மனைவி இல்லையே. பேரை எடுத்தாச்சு. இவர் போயிட்டா இவங்களுக்கு ஒண்ணும் வராது."

"அப்ப நான் பொண்டாட்டியாவே இருந்திருந்தா?"

"கண்டிப்பா வந்திருக்கும்."

பவுன்தாய் தவமணியைப் பார்த்தாள். தவமணி மின்விசிறியைப் பார்த்தார்.

ஊர் திரும்பியதும் இதைச் சொன்னபோது உரக்கடை முன்னால் பெரிய வாக்குவாதம் கிளம்பிவிட்டது. கணக்குத் தீர்ந்தால்தான் அத்துவிட முடியும். அத்துவிடாமல் இருந்தால்தான் கணக்குத் தீரும். இது என்னடா எழவு என்று தலையில் கைவைத்தார்கள். திரும்பவும் தாலி கட்டிவிட்டால் என்ன என்று ஒருத்தர் யோசனை சொன்னார். அவள் பார்த்த பார்வையில் அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார். கடைசிவரைக்கும் சாகாமல் இருக்கத் தவமணியிடம் எழுதி வாங்கலாமா என்று இன்னொருத்தர் கேட்டார்.

தை பிறக்க ஒரு வாரம்கூட இல்லை. பவுன்தாய் எழுந்து நேராக உள்ளே போய், மூட்டை மேலிருந்த துரும்பை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"ஏத்தா, எங்க கொண்டுபோற? நாளைக்கு டிராக்டருக்குச் சொல்லியிருக்காங்க" என்று பதறினார் பரமன்.

"பாக்கி எனக்கு வரவேண்டியது. பாக்கிக்குச் சாட்சி என்கிட்டதான் இருக்கணும். அறுறப்ப அறட்டும்ணே."

ரோசம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "அத்துவிடாமலா வந்திருக்க? நாளைக்கு அந்தாளு வந்து நின்னா?"

"வந்து நின்னா இதுலயே கட்டிப்போடுறேன். காளையே அடங்குச்சு" என்று துரும்பைக் காட்டினாள் பவுன்தாய். ரோசம்மா இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தாள்.

மெஸ் ஓடியது. டிரைவர்களும் கண்டக்டர்களும்தான் வாடிக்கை. அவர்களுக்கு எந்த நேரத்துக்குப் பசிக்கும், எத்தனை நிமிசத்தில் சாப்பிட்டு எழுந்திரிப்பார்கள் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கைகழுவுகிற இடத்தில் இரண்டு ஆணி அடித்துத் துரும்பைக் கட்டினாள். அதில் ஈரத்துண்டுகளைக் காயப்போட்டாள்; எத்தனை துண்டு போட்டாலும் தொய்யவில்லை. புதிதாக வருகிறவர்கள் என்ன அது என்று கேட்டால், "கண்டக்டர் வெச்ச பாக்கி" என்று பழைய வாடிக்கைக்காரர்களே சொல்லிவிட்டு ரசத்துக்குச் சோற்றைக் குழிப்பார்கள்.

ஒவ்வொரு மாசமும் ஒண்ணாந்தேதி மத்தியானம் தவமணி வந்துவிடுவார். பாதிப் பென்ஷனை மேஜையில் வைப்பார். அவள் எண்ணிப் பார்த்து டப்பாவில் போடுவாள். "சாப்பிடுறீங்களா கண்டக்டரே?" என்பாள். "போடு" என்பார். சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு, துரும்பில் தொங்குகிற துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சாக்கில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். அறாது. போய்விடுவார். கொடுக்கிறவர் கையில் சாப்பாட்டுக்குக் காசு வாங்குவது நியாயமில்லை என்று அவளும் வாங்கியதில்லை.

வருசம் இரண்டு மூன்று ஓடியது. அவர் முழங்கால் மோசமாகிக்கொண்டு வந்தது. ஒரு மாசம் கம்போடு வந்தார், இன்னொரு மாசம் படியேற ஆள் கைகொடுக்க வேண்டியிருந்தது. அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பதைப்பு. இந்த மனுசனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் மெஸ் வாடகைக்கு என்ன செய்வது என்று பயந்தாள். அந்தப் பயத்துக்கு அடியில் வேறொரு பயமும் இருந்தது, அதை அவள் கிளறிப் பார்க்கவில்லை.

ஆவணி மாசம், கூட்டம் நெரிகிற மத்தியான நேரம். பவுன்தாய் சாம்பார் வாளியோடு நின்றபோது பின்னால் 'டப்' என்றொரு சத்தம். துண்டெல்லாம் கீழே கிடந்தன. ஆணிக்கு ஒன்றாகத் துரும்பின் இரண்டு பாதிகளும் தொங்கிக்கொண்டிருந்தன.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேர் கையும் இலையிலேயே நின்றது. "அக்கா..." என்றார் ஒரு டிரைவர். அவள் வாளியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். கிளம்பிவிட்ட ஆனைக்கரைப்பட்டி வண்டியின் படியில் தொற்றி ஏறினாள். காலி சீட்டு இருந்தது, உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே, போயிட்டியா, சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டியா, நான் ஆக்குன சோத்தை ஒரு நாளாவது நல்லாருக்குன்னு சொன்னியா, அதையும் பெறகுன்னு வெச்சிட்டுப் போயிட்டியா என்று வாய்விட்டு அழுதாள். டிக்கெட் கேட்கக் கண்டக்டர் வரவில்லை.

ஊர் விலக்கில் இறங்கி ஓடியபோது உரக்கடை முன்னால் கூட்டமில்லை. சங்கு ஊதுகிற சத்தமும் இல்லை. வீட்டு வாசல்நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தவமணி நின்றிருந்தார். மறுகையில் ஒரு கவர் இருந்தது.

"என்ன பவுனு, செருப்பில்லாம வந்திருக்க?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. "சாகலையா நீங்க?"

"ஏன், சாகணுமா?" என்றார். பிறகு புரிந்துகொண்டு, "அறுந்திருச்சா?" என்று மெல்லக் கேட்டார்.

விசயம் இதுதான்: ரிட்டையரானபோது வரவேண்டிய செட்டில்மென்ட் பணம் இழுத்தடித்து இழுத்தடித்துப் போன வாரம்தான் வந்திருந்தது. அதை அப்படியே கொண்டுபோய் அவள் பேரில் இன்சூரன்ஸ் ஆபீசில் போட்டுவிட்டார். அவர் இருந்தாலும் போனாலும், அவள் உயிரோடு இருக்கிறவரைக்கும் பாதிப் பென்ஷன் அளவுக்குப் பணம் மாசாமாசம் அவள் கணக்குக்கு வரும். இன்றைக்கு மத்தியானம்தான் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து செருப்பைக் கழற்றியிருக்கிறார்.

"இனிமே ஒண்ணாந்தேதி நான் வர வேண்டியதில்ல" என்றார். கவரை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். இத்தனை வருசமாய் எதிர்பார்த்தது. நெஞ்சு லேசாகியிருக்க வேண்டும். லேசாகத்தான் ஆனது. ஆனால் பஸ்ஸில் எதையோ வைத்துவிட்டு இறங்கியதுபோல் கை துழாவிக்கொண்டே இருந்தது.

"சோறு எப்பவும் கிடைக்கும். காசு கொடுத்துச் சாப்பிடுங்க, ஊரெல்லாம் கொடுக்குது" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியில் திரும்பினாள்.

அடுத்த ஒண்ணாந்தேதி தவமணி வந்தார். எல்லோரையும்போல் டோக்கன் வாங்கி, எல்லோரையும்போல் இலை போட்டு, மீன்குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கைகழுவப் போனவர் வெறும் ஆணிகளைப் பார்த்துவிட்டு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். கல்லாவில் நின்று "குழம்பு நல்லாருந்துச்சு" என்றார். சொல்லிவிட்டு ஐந்நூறு ரூபாய்த் தாளை வைத்தார்.

பவுன்தாய் கண்ணை டப்பாவுக்குள் போட்டுக்கொண்டு சில்லறையை எண்ணினாள். நோட்டெல்லாம் இருந்தது, ஐந்து ரூபாய் மட்டும் குறைந்தது. "இருங்க கண்டக்டரே, பக்கத்துக் கடையில மாத்திட்டு வந்து தர்றேன், பாக்கி வைக்கக் கூடாது" என்று காசோடு ஓடினாள். திரும்பி வந்தபோது அவர் இல்லை. கம்பை ஊன்றிக்கொண்டு, முழங்கால் வலியையெல்லாம் மறந்த மாதிரி, நகர ஆரம்பித்த பஸ்ஸின் படியில் ஏறிக்கொண்டிருந்தார்.

"யோவ், அஞ்சு ரூவா!" என்று கத்தினாள்.

"பெறகு வாங்கிக்கிறேன்" என்று ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார். பஸ் போய்விட்டது.

"பாவி மனுசன்" என்று முனகிக்கொண்டே கடைக்கு வந்தாள். மறுநாள் காலையில் கீரைக்காரம்மா இறக்கிவிட்டுப் போன அரைக்கீரைக் கட்டு ஒன்றை வைக்கோலால் கட்டியிருந்தார்கள். பிரிக்கலாமென்று இழுத்தாள். அறவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள், பல்லால் கடித்துப் பார்த்தாள், அறவில்லை. கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இன்றைக்கு இரண்டரை மணி வண்டியில் போய் ஐந்து ரூபாயை அவர் மூஞ்சியில் விட்டெறிந்துவிட்டு வந்தால் கதை முடிந்துவிடும், அது அவளுக்குத் தெரியும்.

கீரையைப் பக்குவமாக உருவி எடுத்துவிட்டு, அந்தத் துரும்பைக் கொண்டுபோய்ப் பழைய ஆணி இரண்டுக்கும் நடுவில் கட்டினாள். துண்டு காயப்போட ஒரு கொடி வேண்டுமே.